அம்மன்கிட்ட வேண்டிய மொட்டை

ஆம்பூரிலிருந்து வேலூர் வரும் பேருந்தில், எனக்கு முன் சீட்டில் ஷூ கம்பெனிப் பெண்கள் இருவர். ஜன்னலோரம் இருந்தவள் திடீரென்று, "வேண்டிக்கிட்டது அம்மன்கிட்ட, வேணாம்னு சொல்றது செல்போனா?" என்றாள்.

பக்கத்திலிருந்த மேரி திரும்பினாள். "இன்னா செல்விக்கா சொல்ற?"

"எம் பொண்ணு பாப்பா காய்ச்சல்ல ஆஸ்பத்திரியில கெடந்தப்போ, பொழச்சி வந்தா நான் மொட்டை போட்டுக்கறேன்னு வேண்டிக்கிட்டேன். பொழச்சிட்டா. அடுத்த மாசம் தம்பி கல்யாணம். மொட்டைத் தலையோட எப்படி நிக்கிறதுன்னு பொலம்பினேன். பாப்பா போன்ல ஏஐகிட்ட கேட்டா."

"அது இன்னா சொல்லுச்சு?"

"மனசுதான் முக்கியமாம். மூணு கொத்து முடி குடுத்தாலே போதுமாம்."

"நல்லாத்தானே சொல்லியிருக்கு!"

"நல்லாத்தான் பேசுது. ஆனா அதுக்குத் தலையும் இல்ல, முடியும் இல்ல. என் பேஜாரு அதுக்கு இன்னா தெரியும்?"

மேரி சிரித்துவிட்டாள். "உன் வூட்டுக்காரரு இன்னா சொன்னாரு?"

"உனக்குப் பதிலா நான் போட்டுக்கறேன்னாரு. அவருக்கு இருக்கிறதே நாலு முடி. அம்மனை ஏமாத்த முடியுமா?"

பின்சீட்டுக்காரர்களும் சிரித்தார்கள். செல்வியின் குரல் தாழ்ந்தது.

"அப்புறம் பாப்பா போனை வெச்சிட்டு என் பக்கத்துல வந்து உக்காந்தா. 'நீ தனியா நிக்க வேணாம்மா, நானும் போட்டுக்கறேன்'னா. காலேஜ் போற பொண்ணு மேரி! இடுப்பு வரைக்கும் முடி. வேணாம்னேன், கேக்கல."

மேரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "எப்போ போறீங்க?" என்றாள்.

"ஞாயித்துக்கிழமை."

"சர்ச் முடிஞ்சதும் வந்துடறேன். ரெண்டு தலைக்கும் நான்தான் சந்தனம் பூசுவேன்."