ஃபைபர் முனையில் ஒரு விரல் ரேகை

படம் சுத்தமாக வர வேண்டுமென்றால் கை சுத்தமாக இருக்க வேண்டும், ஐயா. கேபிள் டிவி தொழிலில் நான் முதலில் கற்றது அதுதான்.

சிங்காரவேலு அண்ணன் சிங்கப்பூரில் சம்பாதித்து வந்து திருவையாற்றில் கன்ட்ரோல் ரூம் போட்டார். சேனல்களை லேசர் ஒளியாக மாற்றி, முடி போன்ற கண்ணாடி இழை வழியாக ஊர் ஊராக அனுப்பும் மெஷின் வாங்கினார். அந்த இழையின் முனையில் துளி அழுக்கு இருந்தாலும் ஒளி திரும்பி வந்து லேசரையே குழப்பும். வீடுகளில் படம் கோடு கோடாக ஓடும். முனையைத் துடைத்து, பூதக்கண்ணாடிக் குழாயில் வைத்துப் பார்ப்பது என் வேலை. பார்க்கும் முன் லேசரை அணைத்துவிட வேண்டும். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கண்ணைச் சுட்டுவிடும்.

என் தம்பி நடராசன் அவரிடம் லைன்மேன். ஐப்பசி மழையில் ஒருநாள் கேபிள் அறுந்தது. கிரிக்கெட் நடந்துகொண்டிருந்ததால் ஊரே போன் செய்தது. ஈரக் கம்பத்தைப் பார்த்துத் தம்பி தயங்கினான்.

"கரண்ட் ஆஃப் பண்ணியாச்சுடா, ஏறு" என்றார் அண்ணன்.

ஈ.பி. ஆபீசுக்கு அவர் சொல்லவே இல்லை. தம்பியை நான்தான் கீழே இறக்கினேன். ஸ்டேஷனில் அவர், "அவனா ஏறிட்டான், நான் பார்க்கவே இல்ல" என்றார். காரியத்துக்கு வந்து நன்றாக அழவும் செய்தார். நான் அவரிடமே வேலையைத் தொடர்ந்தேன். இரண்டு அறுவடை வந்து போயின. எனக்குக் கோபமெல்லாம் கிடையாது.

தை மாதம் தியாகராஜர் ஆராதனையை நேரடியாகக் காட்டிக்கொண்டிருந்தோம். மெஷினிலிருந்து வரும் இழையை வெளி லைனோடு சேரும் இடத்தில் கழற்றி, முனையில் என் விரலை ஒற்றி, மறுபடி மாட்டினேன். படம் குலைந்தது. அண்ணன் ஓடி வந்தார்.

"நீ துடைச்ச லட்சணத்தை நானே பார்க்குறேன். குழாயைக் கொண்டா."

இழையைக் கழற்றிக் குழாயில் பொருத்திக் கொடுத்தேன்.

"மெஷினை ஆஃப் பண்ணிட்டியா, நல்லக்கண்ணு?"

"பண்ணியாச்சுண்ணே."

வலது கண்ணை வைத்து நிதானமாகப் பார்த்தார். வலி தெரியாது, அதனால் அவர் அவசரப்படவில்லை. பிறகு நிமிர்ந்து கண்ணைக் கசக்கினார்.

"நடுவுல கருப்பா நிக்குதேடா."

நான் நினைத்திருந்தது அவ்வளவுதான். தம்பிக்காக என்றால் அது போதும். அண்ணன் கண் போனதை நீங்கள் ஸ்டேஷன் ரிப்போர்ட்டில் விபத்து என்று எழுதியிருக்கிறீர்கள்; வலது கண் வரைக்கும் அது அப்படியே இருக்கட்டும். ஆனால் அவர் குரலில் அப்போதும் பயம் வரவில்லை, ஐயா. என்னை நம்பித்தான் கேட்டார்.

"அது தூசிண்ணே" என்றேன். "இன்னொரு கண்ணால பாருங்க."