திருகாணியின் அரைச் சுற்று

காலையில் கடையைத் திறந்ததும் திருப்புளிகளைத் துடைத்து வைப்பது என் வழக்கம், ஐயா. பெரியதிலிருந்து சிறியதுவரை, பழைய கம்பளித் துணியால், அவசரமில்லாமல். அதன் பிறகுதான் தேநீர். பியெஷ்சாடி மலையடிவாரத்தில் துப்பாக்கிக் கடைக்காரன் இந்தப் போகுமீலின் வழக்கத்தைப் பார்த்துச் சிரிக்காதவர் இல்லை. ஆனால் தம் துப்பாக்கியை என்னைத் தவிர வேறொருவரிடம் பழுதுக்குக் கொடுத்தவரும் இல்லை. இதை முதலில் சொல்லக் காரணம், உங்கள் நிபுணரின் அறிக்கையில் ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்தவே நானாக வந்தேன்.

பல் மருத்துவர் கயெத்தானை உங்களுக்குத் தெரியும். வேட்டையில் எங்கள் ஒனூஃப்ரி இறந்த நாள் முதல் அவரைத்தான் விசாரித்து வருகிறீர்கள். நகரத்திலிருந்து வந்து எங்கள் வேட்டைக் கழகத்தில் சேர்ந்தவர். எந்தத் துப்பாக்கி வாங்கலாம் என்று கடைக்கு வந்து கேட்டார். கேட்டார் என்பது மரியாதைக்காகச் சொல்வது. தீர்மானித்துவிட்டு வருகிறவர் கேட்பதில்லை, ஒப்பிக்கிறார்.

எங்கள் புதர்க்காட்டில் பன்றி முப்பது மீட்டருக்குள் குறுக்கே பாய்ந்து மறைந்துவிடும். அதற்குக் கனத்த, வேகம் குறைந்த குண்டு வேண்டும். தோள் எலும்பில் பட்டாலும் சிதறாமல் உள்ளே செல்லும். துப்பாக்கியின்மேல் பொருத்தும் தொலைநோக்கி மிகவும் பெரிதாக்கிக் காட்டினால் பன்றியின் மயிர்தான் தெரியும், பன்றி தெரியாது. தொலைநோக்கியைப் பிடித்திருக்கும் தாங்கி தாழ்வாக இருக்க வேண்டும். கன்னத்தைச் சாய்த்ததும் கண் தானாகக் குறியில் நிற்கும். இவ்வளவையும் பொறுமையாகச் சொன்னேன்.

"பெரியவரே, இதெல்லாம் உங்க அப்பா காலத்துச் சரக்கு. நான் வாங்கப்போறதுல நிலாவுல முயல் இருந்தாக்கூடத் தெரியும்."

கழுகின் கண்ணைக் கடன் வாங்கிய கோழியின் கதையை அவருக்குச் சொன்னேன். மலைக்கு அப்பாலிருந்த புழுவைப் பார்த்துக்கொண்டே ஓடி, காலடியிலிருந்த கிணற்றில் விழுந்த கோழி அது.

"அந்தக் கோழிக்குக் கண்ணை மாட்டிவிட்டது நீங்கதானா?" என்றார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

எங்கள் கழகத்தின் வழக்கம் ஒன்றையும் நீங்கள் அறிய வேண்டும். வேட்டை முடிந்ததும் விழுந்த விலங்குகளை ஊசியிலைக் கிளைகளின்மேல் வரிசையாகக் கிடத்திக் கொம்பு ஊதுவோம். பிறகு தீயைச் சுற்றி அமர்ந்து, முட்டைக்கோஸும் இறைச்சியும் வெந்த பீகோஸ் சாப்பிடுவோம். அதிகம் வீழ்த்தியவர் வேட்டையின் அரசர். அதிகம் தவறவிட்டவர் தவறல்களின் அரசர். அவருக்கு ஒரு தகரப் பதக்கம். முந்தைய ஆண்டு அது என் கழுத்தில் விழுந்தது. கண்ணில் பனி, வேறொன்றுமில்லை. மாட்டிவிட்டவர் கயெத்தான்.

"பல்லுன்னா நான் பார்த்துக்குவேன் பெரியவரே. கண்ணுக்கு வேற டாக்டரைப் பாருங்க."

அதை நான் மனத்தில் வைத்துக்கொள்ளவில்லை. பதக்கத்தை மட்டும் பட்டறைச் சுவரில், கண்ணில் படும்படி மாட்டியிருந்தேன்.

நிலா முயல் தெரியும் அந்தத் தொலைநோக்கியைப் பொருத்தித் தரும்படி அவர் என்னிடமே கொண்டுவந்தார். பொருத்தினேன். அவர் முன்னிலையிலேயே சுடுதளத்தில் சரிபார்த்தேன். குண்டுக்குப் பின் குண்டு ஒரே துளையில் போனது. கடைக்குத் திரும்பியபின், பின்தாங்கியின் திருகாணியை அரைச் சுற்றுத் தளர்த்தினேன். கால் சுற்று என்றால் பிடித்து நின்றிருக்கும். முழுச் சுற்று என்றால் ஆடிக் காட்டிக்கொடுத்திருக்கும். அரைச் சுற்றுத் தளர்வில் குறி விலக மலைப்பாதையின் குலுக்கல் போதும்.

தோட்டாக்களையும் நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். தவறவிடுகிறவருக்கு அவமானம் பதக்கத்தோடு போய்விடும். விலங்கைக் காயப்படுத்தி ஓடவிடுகிறவரோடு எங்கள் ஊரில் யாரும் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. ஆகவே எலும்பில் பட்டதும் சிதறிவிடும், சிறுமானுக்கு உரிய மெல்லிய குண்டுகளை நிரப்பி, கனத்த குண்டின் பெயர் எழுதிய பெட்டியில் வைத்துக் கொடுத்தேன். அவர் பெட்டியின் மேலிருந்ததைக் கவனமாகப் படித்தார். பெட்டியைப் படித்தே வேட்டைக்காரர் ஆனவர் அவர்.

வேட்டைக்காரர்களின் புனிதர் ஹூபர்ட்டின் திருநாளன்று எல்லாம் நான் எண்ணியபடியே நடந்தது. பெரிய ஆண் பன்றியொன்று குறுக்கே ஓடியது. கயெத்தான் இருமுறை சுட்டார். அது தோளில் இரத்தம் ஒழுக முட்புதருக்குள் மறைந்தது.

அடிபட்ட விலங்கைத் தேடிச் செல்வது ஒனூஃப்ரியின் பொறுப்பு. புதருக்குள் நுழையுமுன் சுட்ட குண்டு எது என்று கேட்பது அவன் வழக்கம். கனத்தது என்றால் விலங்கு பெரும்பாலும் விழுந்திருக்கும், உடனே போகலாம். மெல்லியது என்றால், அது சோர்ந்து விறைக்கும்வரை வெகுநேரம் காத்திருக்க வேண்டும். அன்று அவன் கயெத்தானைக் கேட்கவில்லை. என்னைக் கேட்டான்.

"அண்ணே, தோட்டா உங்க கையால நிரப்புனதுதானே? உள்ள என்ன குண்டு?"

"பெட்டியில போட்டிருக்கறதுதான். கனமானது."

"ரத்தம் மேலாக்கத்தான் சிந்தியிருக்கு. எலும்பு பொடிப் பொடியாக் கெடக்கு. குண்டு ஒடஞ்சிருக்கும்போல."

"நான் நிரப்புன குண்டு ஒடையாது, தம்பி."

"நீங்க சொன்னா சரிதான்," என்று சிரித்தான். "பீகோஸ்ல எனக்கு ஒரு கிண்ணம் எடுத்து வைங்க. இந்தப் பயலுங்க சட்டியக் கழுவிக் கவுத்துடுவானுங்க."

எடுத்து வைத்தேன். யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். பன்றி விழுந்திருக்கவில்லை, விழுந்திருக்காது என்பது எனக்குத் தெரியும். அவனைத் தூக்கிவந்தபோது பன்றியின் கோரைப்பல்லால் தொடை பிளந்திருந்தது. கிண்ணத்தில் சூடு ஆறவில்லை. அன்று கொம்பு ஊதினோம், ஆனால் தவறல்களின் அரசரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. அது ஒன்றுதான் திட்டத்தில் பிசகியது.

கயெத்தான் துப்பாக்கியைத் தொடுவதை விட்டுவிட்டார். சனிக்கிழமைதோறும் ஒனூஃப்ரியின் மனைவி வாலந்தினா வீட்டுக்குப் போய் விறகு பிளக்கிறார். தம் கை நடுங்கியதால்தான் அவன் செத்தான் என்று அவளிடம் சொல்லியிருக்கிறார். முதலில் கதவைச் சாத்தினாள். இப்போதெல்லாம் கோடரியை வெளியே எடுத்து வைக்கிறாள். அவர் பிளக்கும் கட்டைகளை வேலிக்கு இப்பால் நின்று பார்த்தேன். எல்லாம் கோணல். சொல்லிக்கொடுத்தால் கேட்கிற ஆளும் அல்ல.

அறிக்கையின் பிழைக்கு வருகிறேன். திருகாணி "கடைக்காரரின் கவனக்குறைவால்" தளர்ந்திருந்தது என்று உங்கள் நிபுணர் எழுதியிருக்கிறார். நான் இறுக்கிய திருகாணி ஒன்றுகூட இதுவரை தானாகத் தளர்ந்ததில்லை. அந்தச் சொல்லை அடித்துவிட்டு "வேண்டுமென்றே" என்று எழுதுங்கள், கையெழுத்திடுகிறேன். நடந்த தவறுக்கு ஈடு செய்யாமல் இருக்கிறவன் அல்லன் நான். வாலந்தினாவுக்கும் ஆறுதலாக இருக்கும், அவளிடம் சொல்லிவிடுங்கள்: என் வேலையில் குறை எதுவும் இருக்கவில்லை.