காதோரம் கொஞ்சம் ரத்தம்

இரவு ஒன்பதரை. ஜெயங்கொண்டத்திலிருந்து ஆண்டிமடம் போகிற வழி. இரண்டு பக்கமும் முந்திரிக்காடு, ஒரு விளக்கு கிடையாது. விழுந்து கிடக்கும் பழங்கள் புளித்து நாறும்... அந்த வாடைக்குள்தான் வேணி ஸ்கூட்டியில் வந்துகொண்டிருந்தாள்.

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது என் சிநேகிதன் இளவரசனின் பெரியப்பா வைரக்கண்ணுவுக்கு நடந்தது. வேணி அவருக்கு ஒரே மகள், தாயில்லாப் பிள்ளை. ஜவுளிக்கடையில் வேலை. ஏதோ ஒரு லாரி உரசியது... விழுந்தாள்... போய்விட்டாள். பாடையில் கிடத்தியபோதுகூடத் தூங்குகிறவள் போலத்தான் இருந்தாள். காதோரம் கொஞ்சம் ரத்தம், அவ்வளவுதான்.

காரியமெல்லாம் முடிந்த ராத்திரி, கொல்லைப்பக்கம் ஸ்கூட்டிக்கு ஸ்டாண்டு போடுகிற சத்தம். டக். பிறகு செருப்புச் சத்தம். புதுத்துணியின் கஞ்சி வாடை. கதவைத் திறந்தால் வேணி நிற்கிறாள்.

"சாப்டியாப்பா?"

வைரக்கண்ணு பயப்படவில்லை. பெற்ற மகளுக்கு எதற்குப் பயப்படுவது? "சாப்ட்டேம்மா" என்றார். பொய். மறுநாளும் வந்தாள், அதற்கு மறுநாளும் வந்தாள். அவளிடம் பொய் சொல்ல மனசு வராமல் மனிதர் மறுபடி சோறு தின்ன ஆரம்பித்தார்.

பிறகு ஒரு ராத்திரி... செருப்புச் சத்தம் இல்லை. சர்ர்... சர்ர்... என்று மண்ணில் எதையோ இழுக்கிற சத்தம். அவர் தாழ்ப்பாளில் கை வைத்தார்.

"தொறக்காதப்பா. என் காலப் பாத்தா நீ தாங்க மாட்ட."

மறுநாள் டீக்கடையில் விஷயம் தெரிந்தது. ஆட்டோ ஓட்டுகிற தமிழரசன் சொல்லிக்கொண்டிருந்தான். முந்திரிக்காட்டுப் பேய்க்கு இரண்டு காலும் நசுங்கிப்போச்சாம், இழுத்துக்கொண்டே வருமாம். முந்தின நாளே அதைச் செல்போனிலும் பேசி அனுப்பியிருந்தான். கூட்டம் வாயைப் பிளந்து கேட்டது. வைரக்கண்ணுவுக்குப் புரிந்துவிட்டது. ஊர் பகலில் சொல்வதை எல்லாம் அவள் ராத்திரியில் உடம்பில் வாங்கிக்கொண்டு வருகிறாள்.

அந்தக் கூட்டத்தைத் திட்டவும் அவருக்கு வாய் வரவில்லை. ஒரு பேய்ப்படத்தைக்கூட விட்டவரில்லை அவர். திரையில் கழுத்து அறுபடும்போது விசில் அடித்தவர். அதுவும் யாரோ பெற்ற பிள்ளைதானே என்று அன்றைக்குத் தோன்றவில்லை.

"தம்பி, அது எம்பொண்ணுப்பா. காலுக்கெல்லாம் ஒண்ணும் ஆகல. காதோரம் கொஞ்சம் ரத்தம்தான்."

தமிழரசன் எழுந்தேவிட்டான். "சத்தியமா தெரியாது பெரியப்பா. இனிமே வாயே தொறக்க மாட்டேன். ஆனா எல்லார் செல்லுக்கும் போயிடுச்சே..." கொஞ்சம் தயங்கினான். "காயமே இல்லன்னா யாரு பெரியப்பா கேப்பா?"

அதனால் அவரே சொல்லக் கிளம்பினார். சந்தையில், பஸ் ஸ்டாண்டில், ஆள் கூடிய இடத்திலெல்லாம் சொன்னார். "ஒரு பொண்ணு வருவா. நல்லாத்தான் இருப்பா. சாப்டியாப்பான்னு கேப்பா."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்லீங்க."

செல்போனைப் பார்த்துக்கொண்டே எழுந்து போய்விடுவார்கள். பூக்காரி சின்னம்மாள் ஒருத்திதான் முழுசாகக் கேட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அன்று ராத்திரி, இழுபடும் சத்தத்துக்கு நடுவே ஒரு கால் மட்டும் மண்ணில் ஒழுங்காக ஊன்றியது. வைரக்கண்ணு கதவைக் கட்டிக்கொண்டு அழுதார்.

அதற்குள் பெரம்பலூர்ப் பையன்கள் சிலர் தமிழரசன் அனுப்பிய பேய்க்கதையைக் குறும்படமாக எடுத்துவிட்டார்கள். ரம்பமெல்லாம் வரும். நல்ல படம்தான். லட்சம் பேர் பார்த்தாயிற்று. உங்களில் பாதிப்பேர் பார்த்திருப்பீர்கள்... நானும் பார்த்தேன்.

இப்போதெல்லாம் கதவின் மேல்பக்கம் சத்தம் வருவதில்லை. அடியில்... தரையோடு தரையாக வருகிறது. வைரக்கண்ணுவும் தரையில்தான் படுக்கிறார், கதவிடுக்கில் முகத்தை வைத்துக்கொண்டு. கேட்பதும் அவர்தான்.

"சாப்டியாம்மா?"

பேச்சு வராது. தட்டுவாள், அவ்வளவுதான். இளவரசன் ஒரு ராத்திரி கூடப் படுத்திருந்து கேட்டான்.

கையால் தட்டுகிற சத்தம் இல்லையாம் அது... நெற்றியால்.