மணி அடிக்காமல் தேர்வை முடித்த ஆசிரியைக்கு

பொறுமையைப் பேச்சில் காட்டாமல் பொழுதெல்லாம் செயலில் காட்டிய பெருந்தகையே, கண்டிப்பிலும் கனிவு குறையாத தேர்வுப் பொறுப்பாசிரியையே, புகழுரை என்றால் பின்வாசல் தேடும், இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் பெரிய டீச்சரே, வணக்கம்.

வானளாவப் புகழ எங்களுக்கும் தெரியும். ஆனால் "கதை விடாதீங்கப்பா" என்று பாதியில் எழுந்து போய்விடுவீர்கள். ஆகவே நடந்ததை மட்டும் சொல்கிறோம்.

தும்பி என்று நாம் செல்லமாகக் கூப்பிட்ட மாணவியை மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு வரியில் உட்கார்ந்த அவள் மனம், அடுத்த வரிக்குள் ஜன்னல் வழியே போய்விடும். எழுத்துகளோ அவள் கண்ணுக்கு இடம் மாறி இடம் மாறி நிற்கும். வாயால் கேட்டால் பதில் வரும். தாளில் கேட்டால் தடுமாறுவாள். பொதுத்தேர்வில் ஒருமுறை தோற்றாயிற்று. மறுபடி தோற்றால் தன்னோடு லாரி ஷெட்டுக்குக் கூட்டிப்போவதென்று, மூட்டை தூக்கும் அவள் அம்மா முடிவே செய்துவிட்டார். அவரைக் குறை சொல்ல நாங்கள் யார்? அந்த வீட்டில் இரண்டு கை சம்பாதித்து நான்கு வாய் சாப்பிட்டது.

அலையாய் அலைந்து, தனி அறைக்கும் அரைமணி நேரக் கூடுதலுக்கும் நீங்கள் அனுமதி வாங்கிவந்தால், முதலில் மறுத்தவரும் அந்த அம்மாதான். தோளில் சாக்குத் தூசியோடு வந்து நின்றார்.

"தனியா உக்கார வெச்சா எம் பொண்ண கிறுக்குன்னுதான் சொல்லுவாங்க டீச்சர். பாஸ் பண்ணாலும் ஓசி மார்க்குன்னு பேரு."

"மூட்டை தூக்கறப்ப தலையில சும்மாடு வெக்கிறீங்களேம்மா, மூட்டை எடை குறையுதா?"

"அதெப்படிக் குறையும்? கழுத்து தாங்கும், அவ்வளவுதான்."

"இதுவும் அவ்வளவுதான். கேள்வி ஒண்ணுகூடக் குறையாது."

அவர் கையெழுத்துப் போட்டார். ஆனால் மாதிரித் தேர்வில் என்ன நடந்தது? எல்லாருக்கும் மணி அடித்ததும் தும்பியும் பேனாவை மூடிவிட்டு எழுந்துவந்தாள். கூடுதல் நேரம் அப்படியே கிடந்தது. "இதுக்கா டீச்சர் இவ்வளவு அலைச்சல்?" என்று கேட்டவர் எங்கள் கணக்காசிரியர். சிரித்தவர்கள் நாங்கள். நீங்கள் மட்டும் அவளிடமே போய்க் கேட்டீர்கள்.

"மணி அடிச்சிட்டாங்களே டீச்சர்," என்றாள்.

மணி அடித்தால் பேனாவைக் கீழே வை என்று வருஷக்கணக்காகப் பழக்கியவர்கள் நாம்தானே. நேரத்தைக் கொடுத்துவிட்டு, அதை நாமே மணியடித்துப் பிடுங்கியிருக்கிறோம்.

பொதுத்தேர்வு நாளில் மணி அடிக்கவேண்டாம் என்றீர்கள். "மணி அடிக்காட்டி நான் எதுக்கும்மா?" என்று வாயிற்காவலர் முறுக்கிக்கொண்டார். "வராந்தாவுல சத்தம் வராம பாத்துக்குங்கண்ணே, அது மணி அடிக்கிறத விடப் பெரிய வேலை," என்றீர்கள். அறை அறையாக மேற்பார்வையாளர்கள் நேரமாயிற்று என்று மெல்லச் சொல்லித் தேர்வை முடிக்க, முதல் ஆளாகக் காவலர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள, அவரைப் பார்த்துப் பள்ளிக்கூடமே செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போயிற்று. மூடிய கதவுக்குள் தும்பி எழுதிக்கொண்டிருந்தாள்.

அவள் முதலிடம் வாங்கவில்லை. தட்டுத்தடுமாறித் தேறினாள். தேர்வு முடிவு வந்த அன்று அவள் அம்மா நேரே உங்கள் மேசைக்கு வந்தார். நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நாங்கள் நினைத்தோம். அவரோ, "அடுத்த வகுப்புக்கு என்னென்ன புஸ்தகம் வாங்கணும் டீச்சர்?" என்று கேட்டார். லாரி ஷெட் பேச்சே எடுக்கவில்லை.

அம்மையீர், அந்தக் கேள்வியைவிட உயர்ந்த பாராட்டை எழுத எங்களுக்குத் தமிழ் போதவில்லை. முழங்கால் வலி விலகி, மூக்குக்கண்ணாடி தேடும் தொல்லை குறைந்து, நினைத்த நேரத்தில் தூங்கி, நினைத்த நேரத்தில் விழித்து, நெடுங்காலம் நீங்கள் நிம்மதியாக வாழவேண்டும். தனி அறையின் சாவியை எங்களிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். இந்த ஆண்டும் அதில் உட்காரப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அன்பு மாறாத,
ஆசிரியர்கள், அலுவலகத்தார், வாயிற்காவலர்