ஒரே மூச்சில் ஒரு மூங்கில்

அம்மா, லண்டனில் காகிதத்தை ஈரம் படாமல் வைத்திருப்பதுதான் பெரிய வேலை. ரெய்னர்ஸ் லேன் வீட்டில் மாமா எனக்குத் தந்த முன்னறை அதற்கு மிக நல்ல அறை. கையெல்லாம் மை, அதனால் நான் பேசுகிறேன், போன் எழுதிக்கொள்கிறது. எங்காவது பிழையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று அழுதுகொண்டே கேட்டீர்கள்: "அண்ணை கடைசியா என்னடா சொன்னவர்?" அன்று தர்மலிங்கம் மாமாவோடு வீட்டில் இருந்தவன் நான் ஒருவன்தான். ஆகவே நான்தான் சொல்ல வேண்டும். ஆனால் அதற்கு முதல் சீன மை ஓவியம் உங்களுக்குக் கொஞ்சம் விளங்க வேண்டும். விளங்காமல் கேட்டால் என்னைத் தவறாக நினைத்துவிடுவீர்கள்.

இதில் ஒரு கோட்டை அழித்துத் திரும்பக் கீறுவது என்பது கிடையாது. மைக்கட்டியைக் கல்லில் தண்ணீர் விட்டு உரைத்து, தூரிகையைத் தோய்த்து, மெல்லிய காகிதத்தில் வைத்தால் வைத்ததுதான். மூங்கில் தண்டு ஒரே மூச்சில் மேலே போக வேண்டும். கை நடுவில் நின்றால் மை ஊறிப் பரவிவிடும். வெறுமையாக விட்ட இடமும் ஓவியம்தான். பொறுமையும் பணிவும் உயிர்கள்மேல் கருணையும் இல்லாதவனுக்கு இந்தக் கலை வராது என்று எங்கள் ஆசிரியை மிசிஸ் லின் சொல்வார். எனக்கு நன்றாக வந்தது.

மாமா நல்ல மனிதர். நான் கீறிய மலை ஓவியத்தை முதலில் பார்த்தபோது அவர் கேட்டது இதுதான்:

"என்னடா அனுசன், மரண அறிவித்தல் மாதிரிக் கறுப்பு வெள்ளையாக் கிடக்கு? கலர் முடிஞ்சு போச்சோ?"

"மிச்சத்தை எப்ப கீறப் போறாய்?" என்றார் பாமா மாமி. "முக்கால்வாசி சும்மா கிடக்கு."

"அது பனி, மாமி."

"ஓமோம். லண்டனிலை பனியைப் படத்திலைதானே பாக்க வேணும்."

அந்த மலைதான் எங்கள் வகுப்பின் கண்காட்சிக்குத் தெரிவானது. கொண்டுபோக வேண்டிய நாள் காலையில் எழுந்து வந்து பார்த்தேன். நாலு மூலையிலும் சந்தனம். பனியின் நடுவில் பெரிய குங்குமப் பொட்டு. மாமா விபூதி பூசிக் கைகூப்பி நின்றார்.

"புதுச் சாமானை அப்பிடியே வெளியிலை கொண்டுபோறதே? கண்ணூறு பட்டிடும். புதுக் கார் எடுத்தாலும் பொட்டு வைக்கிறம்தானே."

நான் கோபப்படவில்லை. "பரவாயில்லை மாமா" என்றேன். மாமியைக் கேட்டுப் பாருங்கள். மாமாவின் மனம் நோகக்கூடாதென்று தேத்தண்ணீர்கூடப் போட்டுக் கொடுத்தேன். மிசிஸ் லின்னுக்குப் போன் எடுத்தேன். பின்னேரத்துக்குள் வேறொன்று தந்தால் மாட்டலாம் என்றார். புதிய காகிதம் விரித்தேன்.

மாமி ஷிப்டுக்குப் போனபின் மாமா அறைக்குள் வந்தார். என் முகத்தில் எதையாவது கண்டாரோ என்னவோ, கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து பார்த்தார். மூச்சுமுட்டு வருத்தத்துக்கு வாயில் வைத்து இழுக்கிற நீல பம்பை மேசையில் வைத்தார். காகிதத்தின் மூன்று மூலைகளில் மீன் டின் வைத்திருந்தேன். நாலாவது மூலை சுருண்டுகொண்டே இருந்தது. பம்பை எடுத்து அதன்மேல் வைத்தேன். அளவாக இருந்தது.

மூங்கில் தண்டை ஏற்றிக்கொண்டிருந்தபோது அவருக்கு முட்டு இழுக்கத் தொடங்கியது.

"டேய்... பம்ப்..."

"பொறுங்கோ மாமா. இப்ப மூச்சு விட்டால் கோடு உடைஞ்சிடும்."

நீங்கள் கேட்ட கடைசி வார்த்தை அந்த "பம்ப்"தான். மாமியிடம் மட்டும், "முருகா" என்றார் என்று சொல்லியிருக்கிறேன். அவருக்கு அது ஆறுதல்.

ஒரு தண்டுக்கு அதிக நேரம் ஆகாது, முடித்துவிட்டுக் கொடுத்திருக்கலாமே என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் தண்டு அவ்வளவு அழகாக வந்திருந்தது. ஈரம் காயுமுன் கணுக்களைப் போட வேண்டும். பம்பை எடுத்தால் காகிதம் சுருண்டு ஈர மையில் விழும். கணுக்களைப் போட்டேன். பிறகு இலைகள். மாமாவின் சத்தம் மெல்ல மெல்லக் குறைந்தது. உண்மையைச் சொன்னால், அது வேலைக்கு உதவியாக இருந்தது.

பிறகு அவர் எழும்பி வந்து கையை நீட்டினார். பம்புக்காகத்தான் நீட்டுகிறார் என்பது எனக்குத் தெரியும். தெரியாது என்று பொலிசுக்குச் சொன்னேன். உங்களுக்கு அப்படிச் சொல்லமாட்டேன். கைக்கும் பம்புக்கும் இடையில் மூங்கில் இருந்தது. ஆகவே மேசையை இரண்டு கைகளாலும் பிடித்துச் சுவர்ப் பக்கமாக இழுத்துக்கொண்டேன். மை ஓடிவிடாமல், மெதுவாகத்தான் இழுத்தேன். அவர் விழுந்தார்.

தூரிகையை உடனே அலசாவிட்டால் மயிர் இறுகிவிடும். அலசிவிட்டு அம்புலன்சுக்கு அடித்தேன்.

கண்காட்சியில் ஆட்கள் அந்த மூங்கிலுக்கு முன்னால் வெகுநேரம் நின்றார்கள். மிசிஸ் லின் கண் கலங்கி, இதற்குள் உயிர்மூச்சு ஓடுகிறது என்றார். முப்பத்தோராம் நாள் கிரியைக்கு அதை மாமாவின் படத்துக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டுமென்று மாமி கேட்டிருக்கிறார். சம்மதித்துவிட்டேன்.

அழாதீர்கள் அம்மா. அன்று அந்தக் கை ஓவியத்தில் பட்டிருந்தால் சாகும்வரை நான் அவரை மன்னித்திருக்க மாட்டேன். இப்போது எனக்கு அவர்மேல் கொஞ்சமும் கோபமில்லை.