எம்மேல ஒரு கேசு

நான் எங்கேயும் போவலம்மா. மணி ஆறு ஆனா என்னா? ஆறு மணிக்கு விட்டுடணும்னு எழுதி வச்சிருக்கா? காலையில புடிச்சாந்து கல்யாண மண்டபத்துல அடைக்கிறது, மத்தியானம் ஒரு எலுமிச்ச சோத்துப் பொட்டலம், சாயங்காலமானா பேர எழுதிக்கிட்டு கெளம்புங்கம்மாங்குறது. இதுக்குப் பேரு அரெஸ்டா, விருந்தா? எம்மேல கேசு போடுங்க. கோர்ட்டுல கொண்டுபோயி நிறுத்துங்க. அப்பத்தான் இந்த நாற்காலிய விட்டு எந்திரிப்பேன்.

பாத்தேன், பாத்தேன். எங்கூரு ஆளுங்க எல்லாரும் வேன்ல ஏறிட்டாங்க. ஏறட்டும். எனக்கு ஆலங்கரை போற பஸ்ஸு ஏழே காலுக்கு இருக்கு, அதுவும் தெரியும். மண்டப மேனேஜரு தியாகேசன் அண்ணன் நாலு தடவ எட்டிப் பாத்துட்டுப் போறாரு. நாளைக்கு முகூர்த்தமாம், வாழமரம் கட்டணுமாம். தாராளமா கட்டட்டும், நான் என்ன வாசல்ல படுத்தா கெடக்கேன்?

நீங்க உக்காருங்க மொதல்ல. காக்கியப் போட்டுக்கிட்டு விடிஞ்சதுலேருந்து நின்னுக்கிட்டே இருக்கீங்க, கால் வீங்கிடும். எந்தூரு உங்களுக்கு? பாபநாசமா? அட, அப்ப நெல்லு வெளையுற ஊருப் பொண்ணுதான். உங்ககிட்ட சொல்லலாம்.

காலையில அமைச்சருக்குப் போட்டிருந்த பந்தலுக்குள்ள போயிப் பாத்தீங்களா? ஏசிம்மா! நடுக் கொல்லையில நாலு பக்கமும் துணியக் கட்டி உள்ளுக்குள்ள ஏசி. தண்ணி பாட்டிலு கம்பெனிக்கு அடிக்கல்லு ஒண்ண நட்டு வைக்க அரை மணி நேரம் ஆவுமா? அந்த அரை மணி நேரம் அமைச்சருக்கு வேர்க்கக் கூடாதாம். எங்க வாய்க்கா மதகுக்கு ஒரு ஷட்டரு போட்டுக் குடுங்கய்யான்னு ஒம்போது வருஷமா ஜமாபந்திக்கு ஜமாபந்தி மனு குடுக்குறோம். நிதி இல்லம்மா, நிதி இல்லம்மான்னு அதே பாட்டு. சாக்குல மண்ண ரொப்பி நாங்களே அடைச்சு வச்சிருக்கோம். ஆனா அந்தத் தண்ணி பாட்டிலு கம்பெனிக்கு மட்டும் எங்கேருந்துதான் நிதி வந்து கொட்டுச்சோ. அறுவது அடி ரோடு, ஆத்துல பாலம், தனி கரண்டு லைனு. அத்தனையும் சர்க்காரு செலவு. அவன் என்னா செய்யப் போறான்? எங்க காலுக்கடியில கெடக்குற தண்ணிய உறிஞ்சி எங்களுக்கே பாட்டிலு இருவது ரூபாய்க்கு விப்பான். அதுக்குப் பேரு வளர்ச்சியாம். த்தூ.

எந்தக் கட்சியா? நல்லாக் கேட்டீங்க போங்க. அவங்க இருந்தப்ப ஒப்பந்தம் போட்டாங்க, இவங்க வந்து அடிக்கல்லு நடுறாங்க. மைக்கப் புடிச்சா ஒருத்தர ஒருத்தர் நாறடிப்பாங்க. கம்பெனிக்காரன் வந்து நின்னா மட்டும் ஒரே வயித்துல பொறந்த அண்ணன் தம்பி.

சிரிக்கிறீங்க பாத்தீங்களா. காலையில ரோட்டுல நாங்க நட்ட நடவப் பத்தித்தானே? நாங்க என்ன ஊர்வலமா வந்தோம், கோஷமா போட்டோம்? ஆளுக்கு ரெண்டு நாத்து முடிய பையில வச்சுக்கிட்டு ஓரமாத்தான் நின்னோம். அந்தப் புது ரோட்டுக்கு இன்னும் தாரு போடல, செம்மண்ணுதான் கொட்டியிருக்கு. அமைச்சரு காருக்குப் புழுதி பறக்கக் கூடாதுன்னு டேங்கரு லாரிய வச்சு விடியக்காலையிலேருந்து தண்ணி அடிச்சாங்க. பத்து லாரித் தண்ணிம்மா! இந்தப் பக்கம் எங்க பயிரு கருகி நிக்குது, அந்தப் பக்கம் ரோட்டுக்குத் தண்ணி. ரோடு சேறாப் போச்சு, நல்லா உழுது பரம்படிச்ச வயலாட்டம். சேத்தப் பாத்தா எங்க கை சும்மா இருக்குமா? முப்பது வருஷமா நடவாளு கூட்டிட்டுப் போறவ நான். சேலைய இழுத்துச் சொருவிட்டு, எறங்குங்கடின்னேன். எறங்கிட்டாளுவ.

உங்க இன்ஸ்பெக்டர் ஐயா ஓடியாந்து பின்னால போங்க, பின்னால போங்கன்னு கத்துறாரு. பாவம், நடவு பாத்ததில்ல போலருக்கு. நாங்க பின்னாலதானே போறோம்? குனிஞ்சு நாத்த ஊனிட்டு அடுத்த அடிய பின்னாலதான் வைப்போம். எங்களுக்குப் பின்னால மேடை இருந்துச்சு. அவரு கத்தக் கத்த நாங்க மேடைக்குப் பத்தடி வரைக்கும் போயிட்டோம். அமைச்சரு எந்திரிச்சிட்டாரு பாருங்க, அந்த மொகத்தப் பாக்கணுமே நீங்க.

சிரிச்சது போதும். மிச்சத்தையும் கேளுங்க.

அடிக்கல்லு நட்ட அந்த எடம் கம்பெனி எடமில்ல. எங்க எடம். எங்க அப்பாரு வைரக்கண்ணு, ஒரு பண்ணையில ஆளா கெடந்தவரு. உச்சவரம்புச் சட்டத்துல பண்ணையாருகிட்டேருந்து எடுத்த நெலத்த உழுதவனுக்குக் குடுன்னு கொடி புடிச்சு, அடி வாங்கி, திருச்சி செயில்ல ஏழு மாசம் இருந்துட்டு வந்தாரு. அதுக்கப்புறந்தான் எங்க தெருவுல நாப்பத்தோரு குடும்பத்துக்கு ஆளுக்கு ஒரு ஏக்கரு பட்டா வந்துச்சு. பட்டா வாங்குன அன்னைக்கு எங்க அப்பாரு வயலுக்கு நடுவுல போயி உக்காந்தவரு, சோத்துக்குக் கூப்பிட்டும் வரலயாம்.

அத இப்ப நாங்களே விரும்பிக் குடுத்துட்டோமாம்! தையில தாலுகா ஆபீசுல விசாரணைன்னு கூப்பிட்டாங்க. ஆட்சேபனை சொல்லப் போனா, அங்க ஒரு அதிகாரி ஒரு கட்டுத் தாள எடுத்துக் காட்டுறாரு. நாப்பத்தோரு பேரும் சம்மதம்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே, இப்ப வந்து என்னாம்மா கலாட்டாங்குறாரு. ஊரே கொதிச்சுப் போச்சு. கள்ளக் கையெழுத்து, எவனோ துரோகி போட்டுக் குடுத்துட்டான்னு ஒரே சத்தம்.

மத்தியானம் கருப்புக் கோட்டு போட்டுக்கிட்டு ஒருத்தரு வந்தாருல்ல, அவருதான் எங்க வக்கீலு நெய்னா முகம்மது. அந்தத் தாளோட நகல வாங்கிட்டு வந்திருந்தாரு. அவரு என்ன சொன்னாரு தெரியுமா? இது கள்ளமாத் தெரியல, உங்க கையெழுத்துதான், ஏமாத்தி வாங்கியிருக்காங்க, வீடு வீடாப் போயி வாங்குன ஆளு ஒருத்தரு இருப்பாருல்ல, அவரு கோர்ட்டுல வந்து என்ன சொல்லி வாங்குனேன்னு சொல்லிட்டா இந்தத் தாளு நிக்காதுன்னாரு.

அவ்ளோதான். நீங்கதான் கேட்டீங்களே, இந்த மண்டபமே அதிர்ந்துச்சே. எங்க சித்தி ரெங்கம்மா, அந்த வெள்ளத் தலைக் கெழவி, என்னைய வளத்தவ, அவ ரெண்டு கையையும் தூக்கி, வாங்குன கை வெளங்காமப் போவன்னு சாபம் விட்டா. நான் பக்கத்துல உக்காந்துக்கிட்டு, அவளவிட சத்தமா, ஆமா வெளங்காமப் போவட்டும்னு சொன்னேன்.

கதை சொல்லி நேரத்த இழுக்கலம்மா. கேளுங்க. போன வருஷம் புயலு அடிச்சுச்சுல்ல. எங்க பக்கம் புயலு, வெள்ளம் எது வந்தாலும் பின்னாடியே நிவாரணத்துக்குத் தாளு வரும். மேல இருக்குற தாள்ல நிவாரணம்னு இருந்தா போதும், அடியில எத்தனை தாளு இருந்தாலும் பொரட்டிப் பொரட்டிப் போட்டுக்கிட்டே போவோம். படிச்சிட்டு இருந்தா நம்ம பேரு விட்டுப் போயிடுமேன்னு பயம். அன்னைக்கும் அப்படித்தான் வந்தாங்க. ரெண்டு பேரு, வெள்ளைச் சட்டை, ஜீப்புல. மகளிர் குழுத் தலைவி யாருன்னு கேட்டாங்க. தலைவி கொண்டுபோனா சீக்கிரம் முடியும், சாயங்காலத்துக்குள்ள குடுத்தாத்தான் பட்டியல்ல ஏறும்னாங்க.

தலைவி நான்தான்.

வீடு வீடா நான்தான் போனேன். எட்டாவது படிச்சவ, அடித் தாள ஒரு தடவ பொரட்டிப் பாத்திருக்கலாம். பாக்கல. தாலுகா ஆபீசுல அந்த அதிகாரி தாளத் தூக்கிக் காட்டுனப்ப, கைநாட்டுக்குப் பக்கத்துல பேரு எழுதியிருந்தது என் எழுத்துன்னு எனக்கு மட்டுந்தான் தெரியும்; நிவாரணத் தாளுக்கு அடியில இருந்ததுதான் இதுன்னு மத்தவங்களுக்கு ஒறைக்கல. அத மறைச்சுட்டு ஊரோட சேந்து கத்துனேன்.

ரெண்டு தடவ வக்கீலுகிட்ட சொல்லிடலாம்னு கெளம்புனேன். ரெண்டு தடவயும் அவரு ஆபீசு இருக்குற குத்தாலம் பஸ் ஸ்டாண்டுல எறங்கி, ஒரு டீயக் குடிச்சிட்டு, வந்த பஸ்ஸுலயே திரும்பிட்டேன். தெருவுல தல நிமிந்து நடக்க முடியாதேன்னு காலு வர மாட்டேங்குது. நானா போனா திரும்பிடுவேன். நீங்க கொண்டுபோயி நிறுத்துனா திரும்ப முடியாதுல்ல? அங்க கோர்ட்டுல ஜட்ஜு ஐயா எதாவது சொல்லணுமான்னு கேப்பாருல்ல, அப்ப சொல்லிடுவேன். நாளைக்கு வரச் சொல்லாதீங்க, நாளைக்கு எனக்கு மனசு வராது.

எழுதுங்க. ஆனந்தவல்லி, புருசன் பேரு ராஜாங்கம், அவரு இல்ல. கீழத்தெரு, ஆலங்கரை. அரெஸ்டு பண்ணுனத யாருக்குச் சொல்லணும்னு கேக்குறீங்களா? ரெங்கம்மா சித்திதான், எனக்கு வேற யாரு இருக்கா? அவளுக்குக் கண்ணு தெரியாது, அவ பெருவெரல நான்தான் புடிச்சு மையில அழுத்துனேன். எதுக்குடின்னுகூட கேக்கல.