நாலாவது கீறல்

தலைமை நாற்காலியை நிறைத்து, நெஞ்சை நிமிர்த்தி, நேராக அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே! வண்டி ஓட்டியே வாழ்வை ஓட்டிய ஓட்டுநர் சங்கத்து மூத்தோர்களே! ஓட்டுநர்களைப் பெற்ற தாய்மார்களே! அந்த ஓட்டுநர்களைக் கட்டிக்கொண்டு, "எங்கே இருக்கீங்க?" என்று நாளுக்கு நாற்பது முறை போன் போடும் சகோதரிகளே! நாற்காலி கிடைக்காமலும் நகராமல் நிற்கும் நல்லவர்களே! சக்கரப் பட்டறைக்காரியின் கறுத்த கைகள் குவிந்து உங்களை வணங்குகின்றன.

அலாய் வீலில் சின்னச் சேதம் வந்தால் என்ன செய்வது என்று பதினைந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். பதினைந்து நிமிடத்தில் நாலு சக்கரத்தையும் கழற்றி மாட்டிவிடுவேன். பேச்சை முடிப்பேனா என்பதுதான் சந்தேகம்!

கீறல் விழுந்தால் முதலில் என்ன செய்கிறீர்கள்? எச்சிலைத் தொட்டுத் துடைக்கிறீர்கள்! சிரிக்காதீர்கள், அந்த மூன்றாவது வரிசை அண்ணன் போன வாரம் என் கண்ணெதிரே செய்தார். அண்ணன்மார்களே, எச்சில் வேண்டாம், நகம் போதும்! சக்கரத்தைக் கழுவிக் காயவிட்டு, கீறலின் குறுக்கே நகத்தை இழுங்கள். நகம் வழுக்கிப் போனால் காயம் மேல்பூச்சோடு நின்றது, பாலிஷ் போட்டால் போதும். நகம் மாட்டினால்? உப்புத்தாளால் தேயுங்கள், பள்ளம் நிரம்பப் பட்டி பூசுங்கள், மறுபடி தேயுங்கள், பிரைமர் அடியுங்கள், வண்ணம் அடியுங்கள், கடைசியில் பளபளப்புப் பூச்சு. சக்கரம் நெளிந்திருக்கிறதா, விரிசல் தெரிகிறதா, காற்று இறங்குகிறதா? அப்படியானால் பட்டியைத் தொடாதீர்கள். வண்டியை எடுக்காதீர்கள். அது சின்னச் சேதமே அல்ல.

வண்ணம் டயரில் படாமல் இருக்க ஒரு வழி உண்டு. டயருக்கும் சக்கர விளிம்புக்கும் நடுவே சீட்டுக்கட்டைச் சுற்றிலும் செருகிவிடுவேன். "பட்டறையில் சீட்டாட்டமா?" என்று கேட்ட போலீஸ்காரர்கூட உண்டு! வேலை முடிந்ததும் வண்ணம் பட்ட சீட்டுகளில் இரண்டை எடுத்து, பின்பக்கம் வண்டி நம்பரையும் தேதியையும் எந்தச் சக்கரம் என்பதையும் எழுதி, ரப்பர் போட்டு வைப்பேன். அடுத்த முறை அதே நிறத்தைக் கலக்க அது உதவும்.

என் பட்டறைக்குக் கீறலோடு வருகிறவர்கள் கூடவே ஒரு கதையும் கொண்டுவருவார்கள். நாய் குறுக்கே வந்தது என்பார்கள். லாரிக்காரன் ஒதுக்கிவிட்டான் என்பார்கள். ஒருவர், நடைபாதை நேற்று அந்த இடத்திலேயே இல்லை என்று சத்தியம் செய்தார்! கதை இல்லாமல் வந்தவர் ஒரே ஒருவர். முப்பது ஆண்டுகள் வாடகைக் கார் ஓட்டியவர். கோடு போட்டது போல் நிறுத்துவார் என்பதால் 'நேர்கோடு' என்று பெயர் வாங்கியவர்.

ஏன் எல்லோரும் தலைவரைத் திரும்பிப் பார்க்கிறீர்கள்? ஆமாம், அவரேதான்! சொல்லலாமா, அண்ணே? தலையசைத்துவிட்டார். சொல்கிறேன்.

முதல் முறை வந்தார். இடப்பக்க முன் சக்கரம். "எப்படி பட்டுச்சுண்ணே?" என்றேன். "தெரியல தங்கச்சி. வீட்டம்மா தினமும் வண்டி கழுவுறா, அவ கண்ணுல படாம பண்ணிக்குடு" என்றார். பண்ணிக்கொடுத்தேன். பூதக்கண்ணாடி வைத்தாலும் தெரியாத வேலை! அடுத்த மாதம் வந்தார். "தெரியல தங்கச்சி." பண்ணிக்கொடுத்தேன். மூன்றாம் முறை வந்தார். மறுபடியும் பண்ணிக்கொடுத்து, மார்தட்டி அனுப்பினேன். நடைபாதைப் பக்கத்துச் சக்கரம் உரசுவது சகஜம்தானே என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நாலாம் முறை வந்தார். நிறம் கலக்க அவருடைய சீட்டுகளை எடுத்தேன். மூன்று கட்டு. மூன்றையும் திருப்பினேன். இடது முன். இடது முன். இடது முன்! மூன்று மாதம், மூன்று கீறல், ஒரே மூலை. ஊரே பொய்க் கதை சொல்கிறதே, இந்த மனிதருக்கு மட்டும் ஏன் ஒரு பொய்கூடக் கிடைக்கவில்லை? உரசியது அவருக்கு ஏன் தெரியவில்லை? இந்தக் கேள்வி வந்த பிறகு என் கை உப்புத்தாளை எடுக்கவில்லை.

"அண்ணே, கண்ணு நல்லா தெரியுதா?"

"எனக்கா? அதோ எதிர்ல நிக்குது பாரு லாரி, அதோட நம்பரைப் படிக்கட்டுமா?" படித்தார். ஒரு எழுத்து பிசகவில்லை.

"அந்த நம்பரையே பாத்துக்கிட்டு இருங்க" என்றேன். ஒரு சீட்டை எடுத்து அவருடைய வலது காதோரம், கொஞ்சம் முன்னால் பிடித்து ஆட்டினேன்.

"என்ன தங்கச்சி, ஈ ஓட்டுறியா?" என்று சிரித்தார்.

இடப்பக்கம் போனேன். ஆட்டினேன்.

"ஏன் நிறுத்திட்டே?" என்றார்.

தாய்மார்களே, நான் நிறுத்தவில்லை! என் கை ஆடிக்கொண்டுதான் இருந்தது. "நிறுத்தலண்ணே" என்று சொல்லி, பட்டறையைப் பூட்டிவிட்டு, அவரைக் கண் மருத்துவரிடம் கூட்டிப்போனேன்.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, வலியில்லாமல், வாய் திறக்காமல், ஓரப் பார்வையைத் தின்றுகொண்டிருந்தது என்றார் கண் மருத்துவர். போனது திரும்பாது, இருப்பதைக் காக்கலாம் என்றார். அன்றைக்கே அண்ணன் சாவியை மனைவியின் கையில் கொடுத்தார். முப்பது ஆண்டுத் தொழிலை மூன்று நிமிடத்தில் இறக்கி வைத்தார். அழுதார். நானும் அழுதேன்.

அந்தப் பக்கம் நடைபாதைக் கல் இருந்தது, உரசிற்று, கீறலோடு போயிற்று. கல் இருந்த இடத்தில் ஒரு குழந்தை நின்றிருந்தால்? கைப்பிடித்து ஒரு தாய் நடந்திருந்தால்? அவரைக் குற்றம் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்! மூன்று முறை அந்தச் சக்கரம் என்னிடம் வந்தது. மூன்று முறையும் அது சொல்ல வந்ததைப் பட்டி வைத்து அடைத்தவள் நான். அவர் மனைவி, நம் அண்ணி, அதோ முதல் வரிசையில் இருக்கிறார், அன்று திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "என் கண்ணுல பட்டிருந்தா முதல் கீறலுக்கே கேட்டிருப்பேனே, ஏம்மா மறைச்சே?"

ஆகவே அன்பர்களே, தேய்க்கத் தெரிந்துகொள்ளுங்கள், பூசத் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் தேய்ப்பதற்கு முன்னால் கேளுங்கள்! எங்கே பட்டது? எப்போது பட்டது? ஏன் மறுபடியும் அங்கேயே பட்டது? என் பட்டறையில் இப்போது பதில் கிடைத்த பிறகுதான் பட்டி டப்பா திறக்கும். கதை பொய்யாக இருந்தால் பரவாயில்லை. கதையே இல்லையென்றால் வண்டியை விட்டுவிட்டு மனிதரைப் பார்ப்பேன்.

இன்று தலைவரை அழைத்து வந்தது அண்ணிதான். வாசலில் கொஞ்சம் கோணலாக நிற்கிறதே சாம்பல் நிறக் கார், அதுதான். என்ன அண்ணி, கோணல் என்றதும் முறைக்கிறீர்கள்! அதன் இடப்பக்க முன் சக்கரத்தில் அந்த நாலாவது கீறல் அப்படியே இருக்கிறது. சரிசெய்ய வேண்டாம் என்று சொன்னவர் தலைவர். போகும்போது குனிந்து, நகத்தால் ஒருமுறை தடவிப் பாருங்கள். மாட்டும்.

இவ்வளவு நேரம் கறுத்த கைக்காரியின் பேச்சுக்குக் காது கொடுத்த உங்களுக்கும், தன் கதையைத் தன் முன்னாலேயே சொல்ல விட்ட தலைவருக்கும் நன்றி சொல்லி, நிதானமாக வீடு போய்ச் சேருங்கள் என்று வாழ்த்தி அமர்கிறேன். வணக்கம்!